கிழமையும் முதுமையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கலையும் கவிதையும் முதுமையை எவ்வாறு காட்டுகின்றன என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். பத்து வயதுப் பிள்ளையின் பிறந்தநாளில் முதுமையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்கள் செயலாளரிடம் கேட்டேன். "வந்து அமர்ந்திருப்பவர்களைப் பாருங்கள் அம்மா, மிகவும் பொருந்தும்" என்றார். அந்தத் துணிவில்தான் நிற்கிறேன்.

நான் வகுப்பறை ஆசிரியை. எனவே வகுப்பறையிலிருந்தே தொடங்குகிறேன். தொல்காப்பியப் பொருளதிகாரம் நடத்தத் தொடங்கும் முதல் வாரத்தில் ஆண்டுதோறும் ஒரு சிரிப்பொலி எழும். தலைவனைக் கிழவன் என்றும், தலைவியைக் கிழத்தி என்றும் தொல்காப்பியர் சுட்டும் இடம் அது. தினைப்புனம் காக்கும் இளம்பெண்ணுக்கு இப்பெயரா என்று மாணவியர் வாய்பொத்திச் சிரிப்பர். நானும் அவர்களைச் சிரிக்கவிட்டுப் பிறகு விளக்குவேன். கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. கோவூர்க்கு உரியவர் கோவூர் கிழார். காட்டுக்கு உரியவளாகிய கொற்றவை காடுகிழாள். ஆறாம் வேற்றுமையின் பொருளே கிழமைப் பொருள்தான். ஆக, கிழத்தி என்பவள் உரியவள். இல்லத்திற்கு உரியவள், அன்பிற்கு உரியவள். வயதுக்கும் அச்சொல்லுக்கும் அங்கே தொடர்பில்லை.

இல்லத்தில் மூத்தவர் எவரோ அவரே உரியவராக இருந்த வாழ்க்கையில், உரியவரைக் குறித்த சொல் மூத்தவரையும் குறிக்கலாயிற்று என்று எண்ண இடமுண்டு. பின்னர் உரிமை கைமாறியது. சொல்லில் வயது மட்டும் தங்கிவிட்டது. இன்று ஒருவரைக் கிழவி என்று அழைத்தால் அது வசை. இளைஞர்கள் மேடையில் முழங்கும் பாரதியின் பாடல் ஒன்றும் கிழப்பருவத்தை இகழ்ச்சியோடுதான் பேசுகிறது. அதைப் பாடியவர் அப்பருவத்தைக் காணவே இல்லை. 39 வயது நிறைவதற்கு முன்பே 1921-இல் மறைந்தார்.

இடையே ஒன்று. தேர்வுத்தாளில் கிளவியாக்கத்தைக் 'கிழவியாக்கம்' என்று எழுதுவோர் ஆண்டுக்கு நால்வராவது இருப்பர். மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன், அதில் ஐயமில்லை. ஆயினும் அந்தத் தாளைக் கீழே வைக்கச் சற்று நேரமாகும். கிளவி என்பது சொல். கிழவி என்பவள் உரியவள். இவ்விரண்டையும் நம் இல்லங்களில் எவ்வளவு தொலைவில் வைத்துவிட்டோம் என்று நினைப்பேன். இன்று நான் பேச வந்ததும் இதைப் பற்றியே: முதிய பெண்ணுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவு.

விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். இறைவன் பழமலைநாதர், இறைவி பெரியநாயகி. திருவண்ணாமலைக் குகை நமச்சிவாயரின் மாணாக்கராகிய குரு நமச்சிவாயர், தில்லைக்குச் செல்லும் வழியில் அவ்வூரில் தங்கினார். பசி வந்தால் அம்பிகையைப் பாடி உணவு பெறுவது அவர் வழக்கம். அவ்விரவும் பாடினார், பாட்டில் பெரியநாயகியைக் கிழத்தி என்று சொன்னார். உரியவள் என்னும் பழம்பொருளில் அவர் சொல்லியிருக்கலாம். அம்மையோ முதியவள் வடிவில் வந்து நின்று, "கிழத்தி என்று பாடினாயே, கிழவியால் சோறு சுமந்து வர இயலுமா? இளையவளாகப் பாடு" என்றாளாம். அவர் மாற்றிப் பாட, இளநங்கையாக வந்து சோறிட்டாள் என்பது தலவரலாறு. இளைய நாயகிக்கு அங்குத் தனிச் சந்நிதி இன்றும் இருக்கிறது.

இக்கதையைச் சமய அன்பர்கள் அருட்செயலாகச் சொல்வர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதில் ஒரு வீட்டின் குரல் கேட்கிறது. சோறிடும் வலு இருக்கும்வரை தான் நாயகி. அவ்வலு குன்றினால் தன்னை என்ன சொல்லி அழைப்பார்கள் என்று ஒருத்தி கேட்கிறாள். தெய்வமாக இருந்ததால் இளமையை மீண்டும் பெற்றாள். நம் வீட்டில் உள்ளவர்களுக்கு அந்த வழி இல்லை.

இதற்கு நேர்மாறான கதை ஔவையாருடையது. இளமையை வேண்டாமென்று சொல்லி, பிள்ளையாரை வேண்டி, மணமேடைக்குச் செல்லாமல் முதுமையை வரமாகப் பெற்றவர் என்பது நாடறிந்த கதை. 1953-இல் வெளிவந்த ஜெமினியின் 'ஔவையார்' படத்தைப் பார்த்த தலைமுறைக்கு ஔவை என்றால் கே.பி. சுந்தராம்பாள்தான்: திருநீறு, கோல், நரைத்த கூந்தல், அந்தக் கணீர்க் குரல். அவர் 1908-இல் பிறந்தவர். அப்படியானால் அந்த மூதாட்டியாக நடித்தபோது அவருக்கு வயது 45-ஐ ஒட்டியதே. என் வயதும் ஏறத்தாழ அதுதான் என்பதை இங்கே மெல்லிய குரலில் தெரிவித்துக்கொள்கிறேன். 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் எழுப்பிய சிலையிலும் ஔவை மூதாட்டியே.

இனிச் சங்க நூல்களைத் திறந்து பாருங்கள். ஔவையார் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. அவற்றுள் குறுந்தொகைப் பாட்டு ஒன்றில், தன் துயரம் அறியாமல் உறங்கும் ஊரின்மீது சினம்கொண்டு, கூச்சலிட்டு எழுப்பவும் துணியும் ஒரு பெண்ணைக் காண்கிறோம். அது முதுமொழி சொல்லும் குரலன்று. புறநானூற்றின் 89-ஆம் பாடலில், பகைநாட்டு வேந்தன் ஒருவன், "உங்கள் நாட்டிலும் போர்செய்வார் உளரோ" என்று ஒரு விறலியைக் கேட்கிறான். கேட்கும்போது அவளுடைய அணிகலனையும், மைதீட்டிய கண்ணையும், ஒளிபொருந்திய நெற்றியையும் சொல்லி விளிக்கிறான். அவ்விறலி ஔவையே என்று கொள்வோர் உளர். அங்ஙனமாயின் அதியமான் நெல்லிக்கனி கொடுத்தது, படம் காட்டுவது போல ஒரு மூதாட்டிக்கு அன்று. அழகும் அறிவும் அஞ்சாமையும் உடைய ஓர் இளங்கலைஞருக்கு.

சங்க ஔவை வேறு, பிற்கால ஔவை வேறு என்னும் ஆராய்ச்சி முடிபு இங்குள்ளோர் அறிந்ததே. என் கேள்வி அதுவன்று. பல காலத்துப் பல ஔவையரை ஒருவராக்கிய மக்கள் உள்ளம், அவரை ஏன் கிழவியாகவே ஆக்கிற்று? தனியே ஊர் ஊராகச் செல்லும் பெண், அரசவையில் வாதிடும் பெண், தூது செல்லும் பெண், கள்ளுண்டு மகிழ்ந்து அதைப் பாட்டிலும் சொல்லும் பெண் இளையவளாக இருப்பதைப் பிற்காலம் தாங்கிக்கொள்ளவில்லை. நரையைச் சூட்டிய பிறகே அவரைத் தெருவில் நடக்கவிட்டது. சொல்லின் விலையாக இளமையை வாங்கிக்கொண்டது. முருகன் நாவல் மரத்தில் அமர்ந்து விளையாடும் கதையில்கூட, குழந்தைக்கும் கிழவிக்கும் இடையே நிகழ்வதால்தான் அந்த உரையாடல் நமக்கு இயல்பாக இருக்கிறது.

அதே விலையைத் தாமே கேட்டுக் கொடுத்தவர் காரைக்கால் அம்மையார். மாங்கனி நிகழ்ச்சியும், பரமதத்தன் அஞ்சிப் பிரிந்ததும், பாண்டி நாட்டில் வேறு மணம்புரிந்து பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டதும் நீங்கள் அறிந்தவை. கணவனே காலில் விழுந்தபின், அவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியை உதறிவிட்டுப் பேய்வடிவம் வேண்டினார் என்கிறார் சேக்கிழார். அம்மையார் பாடிய பதிகங்கட்குத் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் என்று பெயர். தேவாரப் பதிகங்களுக்கும் முற்பட்டவை ஆதலின் 'மூத்த' என்றனர். மூப்பு என்னும் சொல் முழு மதிப்போடு நிற்கும் இடம் அது.

சிவன் கோயில் திருச்சுற்றில் அறுபத்துமூவர் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் நிற்க, அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பார். கங்கைகொண்ட சோழபுரத்துக் கருவறைப் புறச்சுவரில் ஆடவல்லான் சிற்பம் ஒன்று உண்டு. அதன்கீழும் அம்மையார் அமர்ந்து தாளமிடுகிறார். எலும்பு தெரியும் மார்பு, ஒட்டிய வயிறு. சோழச் சிற்பிகள் உமையின் இடையையும் தோளையும் வார்த்த கைகளால்தாம் இவ்வுருவத்தையும் செய்தார்கள். இதில் அருவருப்பு இல்லை, இரக்கமும் இல்லை. தாளத்தில் தோய்ந்த முகமே இருக்கிறது. மாணவியரைச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது ஒருத்தி அச்சிற்பத்தின்முன் நெடுநேரம் நின்றாள். "எங்கள் அப்பத்தா பூண்டு உரிக்கும்போது இப்படித்தான் உட்கார்ந்திருக்கும் அம்மா" என்றாள். சிற்பக்கலை குறித்து நான் தயாரித்து வைத்திருந்த குறிப்புகளை அப்படியே மடித்து வைத்துக்கொண்டேன்.

ஆண்கள் முதுமையைப் பாடும்போது இத்தகைய விலை எதையும் கொடுக்க நேர்வதில்லை. தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டைத் தமிழாசிரியர் எவரும் மறக்க முடியாது. இருமல் இடைமறிக்கச் சில சொற்களே பேசவல்ல முதியவர், கோலூன்றி நின்றபடி, மரக்கிளையிலிருந்து ஆழ்மடுவில் குதித்து மணலை அள்ளிவந்த இளமையை நினைக்கிறார். இருபத்தாறு வயதில் இதை நடத்தியபோது நீரில் எழும் ஓசையையே வியந்து விளக்கினேன். இப்போது இருமலைக் கடந்து செல்ல என்னால் முடிவதில்லை. எதிரே அமர்ந்திருப்பவர்களுக்கு மட்டும் ஆண்டுதோறும் அதே பதினெட்டு வயது. இத்தொழிலின் விந்தை இது. நம் வயதை நாம் காண்பது கண்ணாடியில் அன்று, வருகைப் பதிவேட்டில்.

அந்தப் பாட்டில், குளத்தில் அவரோடு கைகோத்து ஆடிய மகளிரும் வருகின்றனர். மணற்பாவைக்குப் பூச்சூட்டிய அவர்களுக்கும் நரைத்திருக்கும். அந்த மடுவை அவர்களுள் எவரேனும் நினைத்திருப்பார். அந்தப் பாட்டு நம்மிடம் இல்லை. பிசிராந்தையாரும் அப்படியே. ஆண்டு பலவாகியும் நரை இல்லாமைக்குக் காரணம் கேட்டவர்க்கு, மாண்புள்ள மனைவி, நிறைவுள்ள மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், அல்லவை செய்யாத வேந்தன், ஆன்றவிந்த சான்றோர் வாழும் ஊர் என்று அடுக்கினார். இதை நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "அம்மா, அவர் மனைவிக்கு நரைத்திருந்ததா?" வகுப்பு சிரித்தது. உரையாசிரியர் எவரும் எழுப்பாத அக்கேள்வியை என் பாடக்குறிப்பின் ஓரத்தில் அன்றே எழுதிவைத்தேன். இன்றும் அதற்கு விடை எழுதவில்லை.

முதிய பெண் இலக்கியத்தில் இல்லாமல் இல்லை. மணிமேகலையில், உதயகுமரனின் மயக்கத்தைத் தெளிவிக்க, தெருவில் சென்ற நரைமூதாட்டி ஒருத்தியைச் சுட்டிக்காட்டுகிறாள் மணிமேகலை. கூந்தல், நெற்றி, புருவம், பல் என ஒவ்வோர் உறுப்பாக எடுத்து, முன்பு எவ்வாறு இருந்து இப்போது எவ்வாறு ஆயிற்று என்கிறாள். சாத்தனாரின் கவித்திறனில் குறையில்லை. யாக்கை நிலையாமையை இதனினும் அழுத்தமாகச் சொல்லல் அரிது. ஆனால் அந்த மூதாட்டி அக்காட்சி முழுதும் ஒரு சொல் பேசவில்லை. அவள் பெயரும் நமக்குத் தெரியாது. பாடம் நடத்தி முடிந்ததும் கரும்பலகையைத் துடைப்பதுபோல் அவள் மறைந்துவிடுகிறாள். இதனோடு காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறப்பாட்டை வைத்துப் பாருங்கள். அங்கும் நரம்பு புடைத்து வற்றிய தோளும் மெலிந்த வயிறும்தான். ஆனால் அந்த முதியவள் வஞ்சினம் கூறுகிறாள், வாளெடுத்துக் களம் புகுகிறாள், பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். பாடியவர் பெண் என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன். எனினும் அங்கும் அவள் பேசுவது மகனைப் பற்றித்தான். தன்னைப் பற்றி அன்று.

ஏட்டை மூடிவிட்டு வீட்டுக்கு வருவோம். நம் இல்லங்களில் முதியவளை நோக்கிச் சொல்லப்படும் வாக்கியங்களை ஒருநாள் எண்ணிப் பாருங்கள். "சாப்பிட்டாயிற்றா?" "மாத்திரை போட்டீர்களா?" "வெந்நீர் வைக்கவா?" "ஏன் இன்னும் தூங்கவில்லை?" எல்லாம் உடம்பைப் பற்றிய வினாக்கள். அன்பில்லாமல் கேட்கிறோம் என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்குச் செல்லும் மருமகளும் மகளும் இதற்கே நேரத்தைப் பிழிந்து எடுக்கிறார்கள். ஆனால் ஒரு மனுஷியிடம் கருத்தைக் கேட்கும் வாக்கியம், கதையைக் கேட்கும் வாக்கியம், "இதை எப்படிச் செய்வீர்கள்" என்று கேட்கும் வாக்கியம் அவற்றுள் எத்தனை? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கு 2007-இல் சட்டம் வந்தது. சோறும் உறைவிடமும் மருத்துவமும் கேட்டுப் பெறும் உரிமையை அது தந்துள்ளது. அதுவும் கிழமைதான், வேண்டுவதுதான். பேச்சுத்துணையைத் தீர்ப்பாயம் வழங்க முடியாது.

எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணனை இங்கு நினைக்கிறேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வைக் 'கரிப்பு மணிகள்' ஆக்கியவர். களத்துக்கே சென்று மக்கள் வாய்மொழியைக் கேட்டு எழுதியவர். அவர் வாழ்ந்த காலத்திலேயே அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆயின. இறுதி ஆண்டுகளை முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் கழித்து 2014-இல் மறைந்தார். இதற்குமேல் சொல்ல எனக்கு மனமில்லை.

சில ஆண்டுகளாக எங்கள் துறையில் இளங்கலை மாணவியர்க்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். வீட்டிலோ தெருவிலோ உள்ள முதிய பெண் ஒருவரிடம் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு, விடுகதை எதுவாயினும் கேட்டு எழுதிவர வேண்டும். நா. வானமாமலை போன்ற முன்னோர் தொகுத்தளித்த நாட்டுப்பாடல்களுக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆனால் அத்தொகுப்புகளில் பாட்டின் அடியில் சேகரித்தவர் பெயரும் வட்டாரமும் காண்கிறோம். பாடியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. அதனால் எங்கள் பயிற்சியில் முதல் வரி பாடியவரின் பெயர். அடுத்த வரி வயது. பெயரைச் சொல்லவே பலர் கூச்சப்பட்டார்களாம். இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்று எழுதிக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு. வயதும் எளிதில் கிடைப்பதில்லை. "தனுஷ்கோடி அழிந்த வருஷம் நான் பெரிய மனுஷியானேன், நீயே கணக்குப் போட்டுக்கொள்" என்று ஒரு மூதாட்டி சொன்னதை மாணவி அப்படியே எழுதிவந்தாள். கணக்குப் போட்டோம். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர்.

அந்த மூதாட்டி இராமநாதபுரம் பக்கத்துக்காரர். பேத்தி ஒப்பாரி கேட்டதும் கடிந்துகொண்டார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடலாகாது. விளக்கு வைத்த வீட்டில் வாயெடுக்கவே கூடாது. பேத்தி விடவில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குமுன் அவளைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துச் சென்று, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து அமர்ந்து பாடியிருக்கிறார். யாருக்காகப் பாடியது என்று மாணவி கேட்டிருக்கிறாள். தன் தாய்க்குப் பாடியது, தமக்கைக்குப் பாடியது என்று இரண்டைச் சொன்னவர், மூன்றாவதற்கு மட்டும், "அது எனக்கு நானே கட்டியது, நான் போன பிறகு பாட ஆளிருக்காது" என்றாராம்.

வீடு திரும்பியதும் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். படிக்கப் படிக்க, "அது அப்படியில்லை, மாற்று" என்று ஏழு இடங்களில் திருத்தியிருக்கிறார். எழுத்தறியாதவர். குறிப்பேட்டில் அவ்வேழு இடங்களும் சிவப்பு மையில் அடித்து எழுதப்பட்டுள்ளன. ஓரத்தில் 'அப்பத்தா திருத்தியது' என்று குறித்திருக்கிறாள் மாணவி. ஆறாம் வேற்றுமையில் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டு உண்டு. சாத்தனது கை தற்கிழமை, சாத்தனது வீடு பிறிதின்கிழமை என்று எடுத்துக்காட்டுச் சொல்லி வருகிறோம். அந்தக் குறிப்பேட்டைப் படித்த பிறகு, தற்கிழமைக்கு அப்பத்தாவது பாட்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இலக்கணம் வல்லார் இதில் குறை காணலாம். காணட்டும்.

அக்குறிப்பேடுகள் எங்கள் துறை அலமாரியில் மூன்று கட்டுகளாக உள்ளன. மழைக்காலத்தில் செல்லரிக்கும் அலமாரி அது. இவ்வட்டம் பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூட்டம் நடத்தி வருகிறது. கவிஞர்களும் பேராசிரியர்களும் பேசியிருக்கிறார்கள். என்னைப் போன்றோர்க்கும் இடம் கொடுத்தீர்கள். இனிவரும் ஆண்டில் ஒரு கூட்டத்தையேனும் அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாற்காலி உயரம் குறைந்ததாக இருக்க வேண்டும். மாடிக் கூடம் உதவாது. அந்த அப்பத்தாவிடம் நானே சென்று கேட்டுவிட்டேன். "வருகிறேன், ஆனால் அங்கே ஒப்பாரி பாட மாட்டேன், தாலாட்டுத்தான்" என்று சொல்லியிருக்கிறார். நாளை நீங்கள் குறித்துச் சொன்னால் அழைத்துவருவது என் பொறுப்பு.